நாற்பத்தொன்றாவது ஆள்

“சந்தையில் இருந்த ஒழுங்கைக் கண்டுகொள்ளும் அறிவும் பொறுமையும் சிறு முதலீட்டாளர்களுக்கு இல்லாததால், லாபம் பெரியவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.”

இந்த ஒரு வரிதான் என்னைக் கொதிக்க வைத்தது. சைகோனில் பொருளாதாரக் கல்லூரிக்குப் பின்னால் உள்ள சந்தில் இரண்டு இயந்திரங்களை வைத்து ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பிரதி எடுக்க வருகிற தாள்களை நான் படிப்பதில்லை. படித்துக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது. அன்றைக்கு மூன்றாவது பக்கம் உருளையில் சிக்கிக்கொண்டது. இழுத்தெடுத்து, கிழிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தபோது கண்ணில் பட்டது இந்த வரி.

எழுதியவர் ஹுவேன் என்ற விரிவுரையாளர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பெண். எங்கள் ஊர்ப் பங்குச் சந்தையின் முதல் பத்து வருடக் கணக்கையும் அலசி, இன்றைய விலையைப் பார்த்தே நாளைய விலையைச் சொல்லிவிடலாம் என்று நிரூபித்திருந்தார். இன்று உச்சம் வரை ஏறி நின்ற பங்கு நாளையும் ஏறும். இன்று அடி வரை இறங்கி நின்றது நாளையும் இறங்கும். பெரிய ஏற்றம் வந்தால் நான்காவது நாள் காலையில் ஒரு சறுக்கல் இருக்கும். டெட் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் எல்லாமே ஏறும். இதிலெல்லாம் எனக்குச் சண்டை கிடையாது. அத்தனையும் உண்மை. தோவா அக்கா இவற்றை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைத்தபோது இந்த விரிவுரையாளர் கல்லூரியில் வேலைக்கே சேர்ந்திருக்க மாட்டார்.

“டீச்சர், யாரப் பாத்து அறிவில்லன்னு எழுதியிருக்கீங்க?” என்று, பிரதிக்காக நின்றிருந்த அவரிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். “அண்ணே, நான் சொல்லல. கணக்கு சொல்லுது. விலை விழப்போகுதுன்னு தெரிஞ்சும் சின்ன ஆளுங்க கடைசியாத்தான் வித்திருக்காங்க. பேராசைன்னு வேற என்ன சொல்ல?”

“யாரோட விக்கிற சீட்டு எத்தன மணிக்கு உள்ள போச்சுன்னு பாத்தீங்களா?”

“அந்தக் கணக்கு எங்கயுமே கெடைக்காதே.”

கிடைக்கும். அந்த மணியைச் சீட்டில் குத்தியவன் நான்தான். முப்பது பிரதிகளை அடுக்கிக் கொடுத்தேன், காசை வாங்கிக்கொண்டேன். முப்பத்தோராவதாக ஒன்றை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

தோவா அக்காவின் முழுப்பெயர் லாம் தி தோவா. நான் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவர் எங்கள் கூடத்துக்கு வர ஆரம்பித்தார். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். குள்ளம், குரல் மட்டும் ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும். இருபது வருடம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்த குரல் அது. வானத்தைப் பார்த்தே இன்றைக்கு எத்தனை வண்டி, எத்தனை ஆள் ஆறு கடப்பார்கள் என்று சொல்வாராம். சொன்னது பெரும்பாலும் தப்பாது என்று அக்கரைக்காரர்கள் சொல்வார்கள்.

அதற்கும் முன்னால், போர் முடிந்து எல்லாவற்றுக்கும் கூப்பன் வைத்திருந்த நாட்களில், ரேஷன் கடையில் அரிசி நிறுத்துப் போடும் பெண்ணாக இருந்தார். அந்தக் காலத்தை நானும் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். நிற்க முடியாதவர்கள் ஒரு செங்கல்லில் பெயரை எழுதித் தங்கள் இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் கடை மேலாளரின் உறவுக்காரர்கள் ஆளுக்கு ஐந்து செங்கல் வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலையில் பத்தொன்பது வயதுத் தோவா வெளியே வந்து, ஆளில்லாத செங்கல் அத்தனையையும் சாக்கடையில் எறிந்தார். மேலாளர் கத்தியதற்கு, “செங்கல்லுக்குப் பசிக்காது, பசிக்கிறவங்க வந்து நிக்கட்டும்” என்றாராம். மறுவாரம் அவரைக் கிட்டங்கிக்கு மாற்றிவிட்டார்கள். இந்தக் கதையை அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த மேலாளர் பெயரை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்.

அக்கரையில் இருந்த அவர் வீட்டைப் புது நகரம் கட்ட எடுத்துக்கொண்டார்கள். இழப்பீடு கொடுத்தார்கள். மாற்றுக் குடியிருப்பில் ஒரு வீடும் ஒதுக்கினார்கள், முதல் தவணை கட்டினால் பெயர் பதிவாகும், கட்டடம் எழும்பியதும் மீதியைக் கட்ட வேண்டும். முதல் தவணை போக மிச்சப் பணத்தை எங்கே வைப்பது? அந்த வருடம் சிமெண்டு விலை, அரிசி விலை, தங்கம் விலை எல்லாம் தறிகெட்டு ஓடின. வங்கியில் போட்டால் கரைந்துவிடும். ஊரே பங்கு வாங்கியது. அக்காவும் ஒரு கேபிள் கம்பெனியின் பங்குகளை வாங்கினார். எங்கள் கூடத்தில் பாதிப் பேர் கையில் இருந்தது அதே பங்குதான்.

மற்றவர்கள் பலகையில் ஓடும் பச்சை எண்களை வாயைப் பிளந்து பார்த்தார்கள். அக்கா நோட்டில் எழுதினார். எங்கள் சந்தையில் ஒரு பங்கு ஒரே நாளில் இவ்வளவுதான் ஏறலாம், இவ்வளவுதான் இறங்கலாம் என்று வரம்பு உண்டு. உச்சத்தைத் தொட்டு நின்ற பங்கை வாங்க, சந்தை மூடும்போது இன்னும் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை அக்கா குறித்துக்கொள்வார். காத்திருப்பவர்கள் நாளைக்கும் வருவார்கள், ஆகவே நாளைக்கும் ஏறும். படகுத்துறையில் இந்தப் படகில் இடம் கிடைக்காதவர்கள் அடுத்த படகுக்கு நிற்பது போலத்தான் என்பார். வாங்கிய பங்கு கைக்கு வர மூன்று நாளாகும், வந்ததும் விற்க முந்துவார்கள் என்பதால், பெரிய ஏற்றத்துக்கு நான்காவது நாள், “சரக்கு வந்துருச்சு, இன்னிக்கு ஒம்போதரைக்குள்ள கொஞ்சம் சறுக்கும்” என்பார். சறுக்கும். பத்துக்கு எட்டு முறை அவர் சொன்னபடியே நடந்தது.

வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டும் வின் அண்ணன் இருநூறு பங்கு வைத்துக்கொண்டு தினமும் வருவார். “அக்கா, எம்பொண்ணுக்கு எப்பக் கல்யாணம் ஆகும்னு அந்த நோட்டுல இருக்கா பாருங்களேன்” என்று சீண்டுவார்.

“உன் மூஞ்சியப் பாத்தா மாப்பிள்ள வீட்டுக்காரன் அடி விலைதான் கேப்பான்” என்பார் அக்கா. கூடமே சிரிக்கும்.

அறிவு இல்லையாம்!

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் எல்லாம் தலைகீழானது. அதிகாரிகள் பயந்துபோய், ஒரு பங்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இறங்கக்கூடாது என்று வரம்பைச் சுருக்கினார்கள். மே மாதம் முழுக்கத் தினமும் அந்த இரண்டும் இறங்கியது. நாளைய விலை என்ன என்று தெருவில் பான் மீ ரொட்டி விற்கும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். இன்று இருப்பதில் இரண்டு கழித்தால் அதுதான் விலை. தெரிந்து என்ன செய்வது? வாங்க ஆளில்லை. ஒரு நாளைக்கு வருகிற சொற்ப வாங்குபவர்களுக்கு, யார் முதலில் சீட்டுப் போட்டார்களோ அவர்களுடைய பங்குதான் போகும். மற்றவர்களுடைய சீட்டு அன்றோடு செல்லாது. மறுநாள் மறுபடி வரிசை.

எங்கள் நிறுவனத்தில் நடைமுறை இப்படி. காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும். விற்பவர்கள் இளஞ்சிவப்புச் சீட்டை எழுதிக் கவுண்டரில் கொடுப்பார்கள். நான் மணி குத்தும் இயந்திரத்தில் வைத்து அழுத்துவேன். மணிப்படி அடுக்கி, சந்தைக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆட்களுக்குத் தொலைபேசியில் படிப்பேன், அவர்கள் கணினியில் பதிவார்கள். அங்கே எங்களுக்கு மூன்று நாற்காலிகள் இருந்தன. மணிப்படிதான் எல்லாம் நடக்கும் என்று சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்தது.

இப்போது நான் செய்த அயோக்கியத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறே முக்காலுக்கு முன்பே பின்வாசல் வழியாக வருவேன். வெற்றுச் சீட்டுகள் முப்பதை எடுத்து ஒவ்வொன்றாக மணி குத்துவேன். ஆறு நாற்பது, ஆறு நாற்பத்தொன்று. அவை மாடிக்குப் போகும். மாடியில் மெத்தை இருக்கையும் குளிர்சாதனமும் பெரிய வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அவர்கள் எட்டு மணிக்குக் காரில் வந்து, காபி குடித்து, யோசித்து, அந்தச் சீட்டுகளில் பெயரை எழுதுவார்கள். கீழே விடியற்காலை ஐந்து மணியிலிருந்து நின்ற ஜனங்களுக்கு முன்னால் அவர்கள் போய் நிற்பார்கள். மேலாளர் க்வியென் இதற்கு மாதம் தனியாக ஒரு உறை கொடுத்தார். இரண்டாவது வாரம், என் பெயரையும் அந்தச் சீட்டுகளில் ஒன்றில் எழுதி, என் பங்குகளை விற்றுவிட்டேன். என் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் இருந்தது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா அந்த மாதம் முழுக்க முதல் பத்துப் பேருக்குள் நின்றார். ஒரு நாள் நான்காவது ஆள். அன்றும் விற்கவில்லை. “ஏழு ரெண்டுக்குக் குத்துன சீட்டு தம்பி, எனக்கு முன்னால மூணே மூணு பேரு. எப்படிப் போகாம இருக்கும்?” என்று என் முகத்தையே பார்த்துக் கேட்டார். “எல்லாத் தரகர்கிட்டயும் கூட்டம் அக்கா” என்றேன் கூசாமல். மாற்று வீட்டின் மீதித் தொகையைக் கட்ட ஜூன் முதல் புதன்கிழமை கடைசி நாள். தவறினால் ஒதுக்கீடு ரத்து, முதல் தவணையில் பாதி பிடித்தம். விற்ற பணம் கைக்கு வர மூன்று நாளாகும் என்பதால், முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் விற்றாக வேண்டும்.

வியாழக்கிழமை பக்கத்துக் காபிக் கடையில் அக்கா உட்கார்ந்திருந்தபோது, மாடிக்கு வரும் மேடம் ட்ரின் என்ற இறக்குமதிக்காரி அடுத்த மேசையிலிருந்து எழுந்து காருக்குப் போனார். ஐஸ் காபித் தம்ளருக்கு அடியில், தண்ணீர் மேசையில் வழியாமல் இருக்க ஒரு இளஞ்சிவப்புத் தாளை வைத்துவிட்டுப் போயிருந்தார். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் நகல் சீட்டு. அன்றைய தேதி. அதே கேபிள் கம்பெனி. விற்றாயிற்று என்ற முத்திரை. மணி ஆறு நாற்பத்தொன்று. அந்த அம்மாள் எட்டு பத்துக்குக் காரிலிருந்து இறங்கியதை அக்கா தன் கண்ணால் பார்த்திருந்தார். வேறு எவராவது என்றால் அந்த ஈரத்தாளைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். இருபது வருடம் டிக்கெட் கிழித்தவர் அச்சடித்த எண் எதையும் படிக்காமல் விடமாட்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பேய்மழை. அக்கரையில்தான் அக்கா அப்போது வாடகைக்கு இருந்தார், அங்கிருந்து முதல் படகு கிளம்பவில்லை. வின் அண்ணன் தன்னுடைய உபரி ஹெல்மெட்டை அக்காவுக்காக மூன்றாவது இடத்தில் வைத்திருந்தார். ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் என்று சட்டம் வந்ததிலிருந்து எல்லோரும் அதை வைத்துத்தான் இடம் பிடித்தார்கள். அக்கா ஏழரைக்கு நனைந்த கோழி போல வந்தார். அந்த ஹெல்மெட்டை எடுத்து வின் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, நேராக வரிசையின் கடைசிக்குப் போனார். நாற்பத்தொன்றாவது ஆள்.

“அக்கா, பைத்தியமா ஒனக்கு? இன்னிக்கு விக்கலன்னா வீடு போயிரும்!” என்று வின் அண்ணன் கத்தினார். “எல்லாரும் வைக்கிறதுதானே!”

“எனக்கு முன்னால நனஞ்சிட்டு வந்து நிக்கிறாளே இந்தப் புள்ளத்தாச்சி, அவ மூஞ்சியப் பாத்துட்டு நான் எப்படிடா அங்க போய் நிக்க?” என்றார் அக்கா.

சீட்டைக் கொடுக்க அவர் முறை வந்தபோது, காயவைத்த அந்த நகலையும் கவுண்டரில் வைத்தார். படகுத்துறைக் குரலில் கேட்டார். “கியெம் தம்பி, நேத்து ஆறு நாப்பத்தொண்ணுக்கு ஒங்க கதவு தொறந்திருந்துச்சா?”

என் கை மணி இயந்திரத்தின் மேல் அப்படியே நின்றது.

“கதவு தொறக்காம மணி குத்தத் தெரிஞ்ச பேயி யாருப்பா? எங்களுக்கும் காட்டு, கும்புட்டுக்கிறோம்” என்றார் வின் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. கவுண்டரைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியது. யாரோ மேசையைத் தட்டினார்கள். “திருட்டுப் பயலுவளா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மேலாளர் க்வியென் படியிறங்கி வந்தார். சிரித்த முகம். அக்காவின் தோளைத் தொடாத குறையாகக் குனிந்து, “அக்கா, மெஷின்ல ஏதோ கோளாறு. நீங்க மேல வாங்க, ஒரு டீ குடிங்க. ஒங்க சீட்ட நானே முதல் ஆளாப் போட்டுர்றேன்” என்றார்.

அக்கா மாடிப்படியைப் பார்த்தார். சட்டென்று மறுத்துவிட்டார் என்று எழுதினால் அது பொய். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேதான் நின்றார். ஈரச் சட்டையின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு வீடு, கூரையும் கதவும் தன் பெயரில் ஒரு பத்திரமும் அந்தப் படிக்கு மேல் இருந்தன. பிறகு சொன்னார்.

“எனக்கு முன்னால நாப்பது பேரு நிக்கிறாங்க. அவங்க சீட்டு மொதல்ல போகட்டும். இங்கயே, எல்லார் கண்ணு முன்னாலயும், வரிசைப்படி ஃபோன்ல படிங்க. ஒவ்வொருத்தர் பேரயும் நாங்க கேக்கணும்.”

“அவ்வளவுதானே? தாராளமா” என்றார் க்வியென். இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று யாரும் நினைக்கவில்லை. கூட்டம் கைதட்டியது.

நான் படித்தேன். பூ மொத்த வியாபாரி நோங் அம்மா, ஓய்வுபெற்ற கணக்காசிரியர் தியெம், வின் அண்ணன், வரிசைப்படி ஒவ்வொருவராக. பெயர் கேட்டதும் அவரவர் கையைத் தூக்கினார்கள். திருமண வீட்டில் பெயர் கூப்பிடுவது போல அத்தனை சந்தோஷம். எட்டரைக்குச் சந்தை திறந்தது. முதல் ஒன்பது பேருடைய பங்கு போயிற்று. மூடும்போது பதினான்கு பேருடையது போயிருந்தது. வின் அண்ணன் தன் இருநூறு பங்கை விற்றுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அந்த ஒரு மாதத்தில் சாதாரண ஜனங்கள் பதினான்கு பேர் ஒரே நாளில் விற்றதில்லை. கர்ப்பிணிப் பெண் நாற்பதாவது ஆள், அவளுக்குக் கிடைக்கவில்லை. நாற்பத்தொன்றாவது ஆளுக்கும் கிடைக்கவில்லை.

ஆனாலும் அக்கா சிரித்தார். கூடத்தில் எல்லோருக்கும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒரு தம்ளர். “இன்னிக்குத்தான் தம்பி நீ மனுஷன் மாதிரி வேல பாத்த” என்றார். குடித்தேன்.

புதன்கிழமை தாண்டியது. வீடு போயிற்று. அதே பங்கைப் பிற்பாடு பாதி விலைக்கும் குறைவாக விற்றார் என்று கேள்விப்பட்டேன். நான் அடுத்த வருடம் வேலையை விட்டேன். அந்த நிறுவனம் வேறொன்றோடு சேர்ந்து பெயரையும் மாற்றிக்கொண்டது. க்வியென் நன்றாகவே இருக்கிறார். மேடம் ட்ரின்னும் நன்றாகவே இருக்கிறார். அவர்களுக்கு அறிவும் பொறுமையும் இருந்ததாக ஒரு கட்டுரை எழுதி முப்பது பிரதியும் எடுத்தாயிற்று.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மூன்று வருடம் கழித்து, அந்த முப்பத்தோராவது பிரதியை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். நகரத்தின் மேற்கு ஓரத்தில், ஒரு ஷூ தொழிற்சாலைக்கு எதிரே, தகரக் கூரை போட்ட வாடகை வரிசையில் ஒற்றை அறை. தொழிற்சாலைப் பெண்களின் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி டீ ஊற்றினார்.

கட்டுரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். “இந்தப் பொண்ணு கெட்டிக்காரி. நாலாவது நாள் சறுக்கறதக்கூடக் கண்டுபிடிச்சிருக்கே!” என்று மகிழ்ந்துபோனார். பிறகு அந்த வரிக்கு வந்தார். முகம் சிவந்தது.

“பொறுமை இல்லையாமா எங்களுக்கு? வந்து கேக்கச் சொல்லு அவள! காலைல அஞ்சு மணிக்கு ஒண்ணுக்குக்கூடப் போகாம நின்னிருக்கோம். பொறுமை இல்லையாம்!” காகிதத்தை மேசையில் அடித்தார். கொஞ்சம் மூச்சு வாங்கியதும் குரல் இறங்கியது. “போகட்டும். ஒரு நாள் பாத்தாச்சு தம்பி. அந்த வெள்ளிக்கிழம. வீடு போனது போனதுதான். ஆனா அன்னிக்கு வரிசை நேராப் போச்சு. நீ படிச்ச, நாங்க கேட்டோம். எனக்கு அது போதும்.”

அதைக் கேட்டுவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சந்தைக் கட்டடத்தில் எங்கள் மூன்று நாற்காலிகளில் ஒன்றுக்குத்தான் என் தொலைபேசி போனது. மற்ற இரண்டு நாற்காலிகளுக்கும் மாடியிலிருந்து தொலைபேசி போனது. க்வியென் கூட்டத்துக்கு நடுவில் என் காதருகே குனிந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “நிதானமாப் படி.” நான் நிதானமாகப் படித்தேன். முழுப் பெயரும், கணக்கு எண்ணும், மறுபடி ஒரு முறை முழுப் பெயரும். ஒவ்வொருவரும் கை தூக்கும் வரை காத்திருந்தேன். நான் பதினைந்தாவது பெயரைப் படிப்பதற்குள் மாடிக்காரர்கள் அறுபத்தோராயிரம் பங்குகளைப் பதிந்து முடித்திருந்தார்கள். அத்தனையும் விற்றது. கீழே நின்ற நாற்பத்தொரு பேரிடம் எல்லாமாகச் சேர்த்து நாற்பதாயிரம்தான் இருந்தது. நியாயமாக நடந்திருந்தால் கர்ப்பிணிப் பெண்ணும் விற்றிருப்பாள், அக்காவும் விற்றிருப்பார்.

அவர் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். எழுந்து வந்து, நான் பாதி குடித்திருந்த டீயை என் கையிலிருந்து வாங்கினார். வாசலில் கொட்டினார். தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“ஏண்டா எங்கிட்ட மொதல்ல வந்து சொன்ன?”

எனக்குப் புரியவில்லை.

“எனக்கு முன்னால நாப்பது பேரு நின்னாங்க. மறந்துட்டியா? எங்கிட்டச் சொல்லி அழுதுட்டு நீ இன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கலாம்னு வந்தியா? எழுது.” கட்டுரையைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தை என் முன்னால் தள்ளினார். நாற்பது பெயரையும் ஒன்றாவதிலிருந்து மனப்பாடமாகச் சொன்னார். யார் எந்தச் சந்து, யார் எந்தச் சந்தை, யார் ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்பது வரை. என் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

“வித்த பதினாலு பேருக்கும் சொல்லணுமா அக்கா? அவங்களுக்கு நஷ்டம் இல்லையே” என்று ஒருமுறை கேட்டேன்.

“அவங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும். நியாயம் கெடச்சதுன்னு இன்னிக்கும் நம்பிக்கிட்டு இருக்காங்க பாவிங்க.” கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “ஒரு ஆளு விடாம, வரிசைப்படி போ. எம்முறை வரும்போது வந்து சொல்லு, கேட்டுக்கறேன். இப்ப நீ சொன்னது எங்காதுல விழல.”

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை மூடிவிட்டுப் போகிறேன். நோங் அம்மா பூ வாளியோடு துரத்தினார். ஆசிரியர் தியெம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மொத்தம் எத்தனை பங்கு என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். வின் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு நடுத்தெருவில் என் சட்டையைப் பிடித்தார். ஐந்தாவது ஆள் இறந்துவிட்டார், அவர் மனைவியிடம் சொன்னேன். ஒன்பதாவது ஆள் கடலோர ஊருக்குப் போய்விட்டதால் பத்தாவது வீட்டுக்குப் போகாமல் மூன்று வாரம் காத்திருந்து, பஸ் பிடித்துப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை பதினேழு பேர் ஆயிற்று. இன்னும் இருபத்துமூன்று பேர் இருக்கிறார்கள், அதற்கு அப்புறம்தான் அக்கா எனக்குக் கதவைத் திறப்பார்.